வரலாற்று ஆய்வைப் பாட்காஸ்டாக்குவது: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

கல்வெட்டு, ஆவணக் காப்பகம், அகழாய்வு, வாய்மொழி வரலாறு என எத்துறையில் இயங்கினாலும், தம் ஆய்வை வகுப்பறைக்கும் கருத்தரங்குக்கும் வெளியே உள்ளவர்களிடம் ஒலி வடிவில் கொண்டுசேர்க்க விரும்பும் தமிழ் ஆய்வாளர்களும் முனைவர் பட்ட மாணவர்களும் எழுப்பும் கேள்விகளுக்கு இங்கே விடையளிக்கப்படுகிறது. எடுத்துக்காட்டுகள் பெரும்பாலும் தமிழக வரலாற்றிலிருந்து எடுக்கப்பட்டவை.

கட்டுரையும் நூலும் இருக்கும்போது பாட்காஸ்ட் எதற்கு?

ஆய்விதழில் வரும் கட்டுரையைப் படிப்பவர்கள் ஏறக்குறைய எல்லாருமே அதே துறையைச் சேர்ந்தவர்கள். மற்றவர்களுக்கு வரலாற்றில் ஆர்வம் இல்லை என்பது இதற்குப் பொருளன்று; சோழர் காலத்தைப் பற்றியும் சங்க காலத்தைப் பற்றியும் யூடியூபிலும் வாட்ஸ்அப்பிலும் நாள்தோறும் பேசப்படுகிறது, அதைப் பல்லாயிரம் பேர் கேட்கவும் செய்கிறார்கள். அங்கே முடிவுகளுக்குப் பஞ்சமே இல்லை. ஆனால் ஒரு முடிவுக்கு எந்தச் சான்றின் வழியாக வந்தார்கள், அந்தச் சான்று எவ்வளவு தூரம் தாங்கும் என்பதைச் சொல்ல ஆளில்லை. அந்த வழியை அறிந்தவர் ஆய்வாளர்தான். ஆகவே பாட்காஸ்டில் அவர் செய்ய வேண்டிய முதன்மையான வேலை, “நமக்கு இது எப்படித் தெரியும்?” என்பதைக் கேட்பவரின் காதில் விழவைப்பது. இப்பக்கத்தில் உள்ள மற்ற விடைகளும் இந்த ஒரு கருத்தை ஒட்டியே எழுதப்பட்டுள்ளன.

எந்த ஆய்வும் இதற்குப் பொருந்துமா?

பொருந்தாது. அட்டவணைகளையும் வரைபடங்களையும் நம்பி நிற்கும் ஆய்வு, எடுத்துக்காட்டாக நிலவரி விகிதங்களை வட்டம் வட்டமாக ஒப்பிடும் கட்டுரை, காதுக்கு எளிதில் வசப்படாது. ஒரு மனிதர், ஓர் ஆவணம், ஒரு வழக்கு, ஓர் ஊர் என்று பிடித்துக்கொள்ள ஏதேனும் ஒன்று உள்ள ஆய்வே ஒலிக்கு ஏற்றது. முழு ஆய்வேட்டையும் ஒரே தொடரில் சொல்லிவிட முயல்பவர்கள் பெரும்பாலும் மூன்றாவது எபிசோடோடு களைத்துப்போகிறார்கள். ஒரு இயலில் உள்ள ஒரே ஒரு சான்றை எடுத்துக்கொண்டு தொடங்குவது நல்லது.

ஓர் ஆய்வுப் பொருளை எபிசோடாக மாற்றுவது எப்படி? ஓர் எடுத்துக்காட்டோடு விளக்க முடியுமா?

உத்தரமேரூர்க் கல்வெட்டுகளை எடுத்துக்கொள்வோம். முதலாம் பராந்தக சோழனின் 12ஆம், 14ஆம் ஆட்சியாண்டுகளில், அதாவது கி.பி. 919இலும் 921இலும், உத்தரமேரூர்ச் சதுர்வேதிமங்கலத்துச் சபையார் வாரியங்கள் எனப்பட்ட தம் குழுக்களுக்கு உறுப்பினர்களைத் தேர்ந்தெடுக்கும் முறையைத் தீர்மானித்து, இன்று வைகுந்தப் பெருமாள் கோயில் எனப்படும் கட்டடத்தின் சுவரில் வெட்டிவைத்தார்கள். பள்ளிப் பாடநூலிலிருந்து மேடைப் பேச்சு வரை குடவோலை முறை என்று எல்லாரும் அறிந்தது இதுதான். கேட்பவர் பெயரளவில் அறிந்த ஒன்றிலிருந்து தொடங்கி, அவர் அறியாத இடத்துக்கு அழைத்துச் செல்ல இது வசதியான பொருள்.

இக்கல்வெட்டைப் பற்றிய ஆய்வுக் கட்டுரை பெரும்பாலும் பிரமதேய ஊர்களின், அதாவது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊர்களின் நிருவாகம், முந்தைய ஆய்வாளர்களின் கருத்து, ஆட்சியாண்டுக் கணிப்பு என்ற வரிசையில் நகரும். எபிசோடு அந்த வரிசையைப் பின்பற்றத் தேவையில்லை. கல்வெட்டே விவரிக்கும் தேர்தல் நாளிலிருந்து தொடங்கலாம். சிறியவர் முதல் முதியவர் வரை சபை கூடியிருக்கிறது. அன்று ஊரில் இருக்கும் கோயில் நம்பிமார், அதாவது பூசகர்கள், அனைவரும் தவறாமல் வந்து சபையில் அமர வேண்டும். அவர்களில் மூத்தவர் ஒருவர், பெயர் எழுதிய ஓலைகள் இட்ட குடத்தை எல்லாரும் காணும்படி தூக்கிப் பிடிக்கிறார். உள்ளே என்ன இருக்கிறது என்று அறியாத ஒரு சிறுவன் ஓலையை எடுத்துக் கொடுக்க, நடுவராக இருக்கும் மத்தியஸ்தர் ஐந்து விரலையும் விரித்து உள்ளங்கையில் அதை வாங்குகிறார். விரலை ஏன் விரிக்க வேண்டும் என்ற கேள்வியை இந்த இடத்தில் கேட்பவரிடமே விட்டுவிடலாம். ஓலையை மறைப்பதற்கோ மாற்றுவதற்கோ வழியிருக்கக் கூடாது என்பதை அவரே கண்டுகொள்வார். மத்தியஸ்தர் ஓலையை உரக்க வாசிக்கிறார், அங்கிருக்கும் நம்பிமாரும் அதையே வாசிக்கிறார்கள். ஒலி ஊடகத்துக்கு இதைவிடப் பொருத்தமான சான்று அரிது, ஏனென்றால் இந்த நடைமுறையே பலர் காதில் விழும்படி வாசிப்பதை நம்பி அமைந்தது.

இதன் பிறகு தகுதிகளுக்கு வரலாம். கால் வேலிக்கு (வேலி என்பது பழைய நில அளவு) மேற்பட்ட, வரி செலுத்தும் நிலம் இருக்க வேண்டும். சொந்த மனையில் வீடு கட்டிக் குடியிருக்க வேண்டும். வயது 35க்கும் 70க்கும் இடைப்பட்டிருக்க வேண்டும். வேதப் பயிற்சி வேண்டும். அரைக்கால் வேலி மட்டுமே உடையவர் ஒரு வேதத்திலும் ஒரு பாஷ்யத்திலும் (விரிவுரை நூலிலும்) வல்லவராயின் ஏற்கப்படுவார். அடுத்து வருவது தகுதியின்மைப் பட்டியல். முன்பு வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவர் நிற்க முடியாது என்பதோடு கல்வெட்டு நின்றுவிடுவதில்லை. அவருடைய சின்னம்மா பெரியம்மா மக்கள், அத்தை மாமன் மக்கள், தாயோடு பிறந்தவர், தகப்பனோடு பிறந்தவர், மாமனார், மைத்துனர் என்று உறவுமுறை ஒன்று விடாமல் அடுக்கி, அத்தனை பேரையும் விலக்குகிறது. இதை அவசரப்படாமல் முழுமையாக வாசித்துக் காட்டினால் கேட்பவர் சிரிப்பார். ஊர்ப்பணத்தை உறவினர் வழியாக உறிஞ்சும் கலை பத்தாம் நூற்றாண்டிலேயே நன்கு தேர்ந்திருந்தது என்பது விளக்கமின்றியே அவருக்குப் புரிந்துவிடும்.

இதற்குப் பிறகுதான் ஆய்வாளரின் வாதம் வர வேண்டும். இது பிராமணர்களுக்கு அளிக்கப்பட்ட ஊரின் சபை. நிலமற்றவர்களும் பெண்களும் வேதப் பயிற்சிக்கு இடமளிக்கப்படாதவர்களும் இந்தக் குடத்தின் அருகே வர முடியாது. சபை இந்த முடிவை எடுத்தபோது அரசனின் ஆணையோடு வந்த அதிகாரி உடனிருந்தார் என்றும் கல்வெட்டே சொல்கிறது. அப்படியானால் இதைத் “தமிழர் மக்களாட்சி” என்று அழைப்பதில் எவ்வளவு சரி, எவ்வளவு மிகை? தேர்தல் நடைமுறையின் நுட்பத்தை ரசித்த பிறகு இந்தக் கேள்வி வந்தால், கேட்பவர் அதைத் தம் பெருமையின் மீதான தாக்குதலாக எடுத்துக்கொள்ள மாட்டார். கேள்வியைத் தொடக்கத்திலேயே வைத்தால் பாதிப்பேர் அணைத்துவிடுவார்கள். இரண்டே ஆண்டுகளில் விதிகளை ஏன் திருத்தி எழுதினார்கள் என்பதை அடுத்த எபிசோடுக்கு வைத்துக்கொள்ளலாம்.

அடிக்குறிப்புகளை என்ன செய்வது?

நூல் பெயர், தொகுதி எண், பக்க எண் ஆகியவற்றை எபிசோடின் குறிப்புப் பகுதியில் எழுத்தில் கொடுத்துவிடலாம். ஆனால் சான்றின் தன்மையைக் குறிப்புப் பகுதிக்குத் தள்ளக் கூடாது, அது பேச்சிலேயே வர வேண்டும். “கல்வெட்டு இப்படிச் சொல்கிறது”, “கல் உடைந்திருப்பதால் இந்தச் சொல் ஊகம்”, “இது என் கருத்து, இதை ஏற்காதவர்களும் உண்டு” என்ற மூன்று வகைத் தொடர்களும் தனித்தனியாகக் கேட்க வேண்டும். எழுத்தில் “கருதலாம்” என்ற ஒற்றைச் சொல் செய்யும் வேலையை ஒலியில் ஒரு முழு வாக்கியம் செய்ய வேண்டியிருக்கிறது, ஏனென்றால் பேருந்தில் நின்றுகொண்டு கேட்பவருக்கு வினைமுற்றின் நுணுக்கம் தப்பிவிடும்.

ஆண்டுகளையும் எண்களையும் எப்படிச் சொல்வது?

ஒரு வாக்கியத்தில் ஓர் எண்ணுக்கு மேல் வேண்டாம். அதைவிட முக்கியமானது, எண் எதைக் குறிக்கிறது என்பதைச் சொல்வது. கீழடியைப் பற்றித் தமிழகத் தொல்லியல் துறை 2019இல் வெளியிட்ட அறிக்கைக்குப் பிறகு “கீழடி கி.மு. ஆறாம் நூற்றாண்டு” என்ற செய்தி எங்கும் பரவியது. அறிக்கையில் இருப்பது இதைவிடச் சுவையானது. 353 செ.மீ. ஆழத்தில் எடுத்த கரிமாதிரியின் காலம் கி.மு. 580 என்றும், 200 செ.மீ. ஆழத்தில் எடுத்த மாதிரியின் காலம் கி.மு. 205 என்றும் கணிக்கப்பட்டது. இந்த இரண்டு ஆழங்களையும் சொன்னால், கேட்பவர் குழிக்குள் படிப்படியாக இறங்குவதுபோல் காலத்துக்குள் இறங்குகிறார். ஒரு மாதிரியின் காலம் அந்த மண்ணடுக்குக்கு உரியது, ஊர் முழுவதற்கும் அதில் கிடைத்த ஒவ்வொரு பானையோட்டுக்கும் உரியதன்று என்பதையும் விளக்கிவிட முடிகிறது. இரண்டு நிமிட வேலைதான், ஆனால் செய்தித் தொலைக்காட்சியில் இதற்கு இடம் கிடைப்பதில்லை.

எழுத்துத் தமிழில் பேசுவதா, பேச்சுத் தமிழிலா?

பேச்சுத் தமிழில் பேசுவதே நல்லது என்பது எங்கள் கருத்து. இதை மறுப்பவர்கள் உண்டு, அவர்கள் சொல்வதிலும் நியாயம் இருக்கிறது. வானொலிச் செய்தியின் எழுத்துத் தமிழ் எல்லா வட்டாரத்தாருக்கும், இலங்கையிலும் மலேசியாவிலும் இருப்பவர்களுக்கும், ஒன்றுபோல் விளங்கும். பேச்சுத் தமிழ் எப்போதும் ஏதோ ஓர் ஊரின் தமிழாகத்தான் இருக்கும். இருந்தும் அரை மணி நேரம் “வழங்கப்பட்டிருந்தமையால்” என்று ஒருவர் வாசித்துக்கொண்டிருந்தால், எழுதியதைப் பார்த்துப் படிக்கிறார் என்பது தெரிந்து, கேட்பவரின் மனம் விலகிவிடும். நடைமுறையில் நன்றாக அமைவது ஒரு கலப்பு. விளக்கமெல்லாம் பேசுபவரின் சொந்தப் பேச்சில் இருக்கட்டும், மூல ஆவணம் வரும்போது அது தன் தமிழிலேயே ஒலிக்கட்டும். அப்போது நடை மாறுவதைக் கொண்டே, எது சான்று, எது விளக்கம் என்பதைக் கேட்பவர் பிரித்தறிந்துவிடுவார். சொந்த வட்டார வழக்கை மறைத்து நடுநிலைத் தமிழ் ஒன்றைப் புனைந்துகொள்ளத் தேவையில்லை. நெல்லைக்காரர் நெல்லைத் தமிழில் பேசினால் மதுரைக்காரருக்கு விளங்காமல் போவதில்லை.

பழைய ஆவணங்களை வாசித்தால் கேட்பவருக்குப் புரியுமா?

முன்கூட்டியே தயார் செய்தால் புரியும். ஆனந்தரங்கப் பிள்ளையின் நாட்குறிப்பு இதற்கு நல்ல சோதனைக் களம். புதுச்சேரியில் பிரெஞ்சு ஆளுநர் துய்ப்ளேக்சிடம் துபாஷியாக (மொழிபெயர்ப்பாளராக) இருந்த அவர் 1736 முதல் 1761 வரை எழுதிவைத்தது, பெருமளவு அக்காலப் பேச்சுத் தமிழை ஒட்டியது. குவர்னர், கும்பினி, முசே என்று பிரெஞ்சும் போர்ச்சுக்கீசியமும் பாரசீகமும் கலந்து வரும் அந்த நடை, கண்ணால் படிக்கும்போது தடுக்கும், வாய்விட்டு வாசிக்கும்போது சரளமாக ஓடும். ஆயினும் சூழலைச் சொல்லாமல் நேரே வாசிப்பில் இறங்கக் கூடாது. யார் யாரிடம் பேசுகிறார்கள், எதற்காக வந்திருக்கிறார்கள், விளங்காத இரண்டு மூன்று சொற்களின் பொருள் என்ன என்பதை முதலில் சொல்லி, பிறகு ஒரு நிமிடத்துக்கு மேற்படாத பகுதியை வாசிக்கலாம். வாசித்து முடித்த உடனே அதையே இன்றைய தமிழில் திரும்பச் சொல்லும் பழக்கத்தைத் தவிர்க்க வேண்டும், அது கேட்பவரை மாணவராக்கிவிடும். அந்தப் பகுதியிலிருந்து ஒரு சொல்லையோ ஒரு செயலையோ பிடித்துக்கொண்டு மேலே செல்லலாம். 1748இல் வேதபுரீசுவரர் கோயில் இடிக்கப்பட்டதைப் பற்றி அவர் எழுதியிருக்கும் பகுதியை இப்படிக் கையாண்டால், ஒரு நகரத்தின் அச்சம், அதிகாரத்துக்கு அருகில் இருந்த ஒருவரின் தயக்கங்கள், சாதிகளுக்கிடையிலான பூசல் எல்லாமே ஒரே சான்றிலிருந்து வெளிவரும்.

தனியாகப் பேசுவதா, உரையாடலாக அமைப்பதா?

இரண்டுக்கும் வெற்றிகரமான முன்னுதாரணங்கள் உண்டு. பி.பி.சி. ரேடியோ 4இல் 1998 முதல் ஒலிபரப்பாகிவரும் ‘இன் அவர் டைம்’ நிகழ்ச்சி, ஒரு பொருளைப் பற்றி அதில் ஆய்வு செய்த மூன்று பேராசிரியர்களிடம் ஏறத்தாழ முக்கால் மணி நேரம் கேள்வி கேட்கிறது. ஒலிபரப்பில் இடம்பெறாமல் போனவற்றை அவர்கள் பேசிக்கொள்ளும் சில நிமிடங்களும் அதன் பாட்காஸ்ட் வடிவில் சேர்க்கப்படுகின்றன. பல வேளைகளில் ஆய்வாளர்களின் உண்மையான கருத்து வேறுபாடு அங்கேதான் வெளிப்படுகிறது. ‘ஒட்டோமன் ஹிஸ்டரி பாட்காஸ்ட்’ 2011இல் இளம் ஆய்வாளர்களால் தொடங்கப்பட்டது. துறைக்குள் இருப்பவர்களே ஒருவரை ஒருவர் நேர்காணல் செய்யும் முறை அதனுடையது.

தமிழில் தொடங்குபவருக்கு உரையாடலே எளிது, ஒரு நிபந்தனையோடு: கேள்வி கேட்பவர் பாராட்டுரை நிகழ்த்துபவராக இருக்கக் கூடாது. நம் மேடை மரபில் விருந்தினரை “ஐயா அவர்கள்” என்று பத்து நிமிடம் அறிமுகம் செய்வதும், அவர் சொன்ன ஒவ்வொன்றுக்கும் “மிகச் சிறப்பு” என்பதும் ஊறிப்போயிருக்கிறது. மூத்த பேராசிரியரிடம் “ஐயா, இதற்கு என்ன சான்று?” என்று மரியாதை குறையாமல் கேட்கத் தெரிந்த ஒருவர் கிடைத்தால் பாதி வேலை முடிந்தது.

எபிசோடு எவ்வளவு நீளம் இருக்கலாம்?

தனிப்பேச்சு என்றால் இருபது நிமிடம், உரையாடல் என்றால் நாற்பது. நிதானமான தமிழ்ப் பேச்சில் ஒரு நிமிடத்துக்கு ஏறக்குறைய நூறு சொற்கள் என்று கணக்கிட்டு எழுதிக்கொள்ளலாம்.

என்ன கருவிகள் தேவை?

யூஎஸ்பி டைனமிக் மைக் ஒன்று, ஹெட்போன் ஒன்று, ஒலியைப் பதிவு செய்து திருத்த ‘ஆடாசிட்டி’ என்ற இலவச மென்பொருள். பணத்தைவிட அறைதான் முக்கியம். மின்விசிறியை நிறுத்திவிட்டு, துணிமணிகள் நிறைந்த சிறிய அறையில், பக்கத்து வீட்டுக் குக்கர் விசில் அடங்கிய பிறகு பதிவு செய்தால், விலை குறைந்த மைக்கும் நல்ல ஒலியைத் தரும். ஒலியளவை −16 எல்.யூ.எஃப்.எஸ். (காதுக்குக் கேட்கும் ஒலியின் உரப்பை அளக்கும் அலகு) அருகே சமன்செய்துகொள்ள வேண்டும். ஆப்பிள் நிறுவனமும் அதைத்தான் பரிந்துரைக்கிறது.

காப்புரிமையில் எதைக் கவனிக்க வேண்டும்?

இந்தியக் காப்புரிமைச் சட்டம் 1957இன்படி, ஆசிரியர் வாழ்நாளில் வெளியான நூலுக்கு, அவர் இறந்த ஆண்டுக்கு அடுத்த ஆண்டிலிருந்து 60 ஆண்டுகள் வரை உரிமை உண்டு. 1942இல் மறைந்த உ.வே. சாமிநாதையரின் எழுத்துகளுக்கு 2002 முடிவோடு உரிமைக்காலம் முடிந்துவிட்டதால், அவருடைய முகவுரைகளை நீங்கள் தாராளமாக வாசிக்கலாம். தமிழக அரசு நாட்டுடைமையாக்கிய நூல்கள் நமக்கு வாய்த்திருக்கும் கூடுதல் வசதி. மயிலை சீனி. வேங்கடசாமி போன்ற வரலாற்றறிஞர்களின் எழுத்துகளை இதனால் யாரும் அனுமதி கேட்காமல் பயன்படுத்த முடிகிறது. பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்னூலகத்தில் காணலாம். பழைய நூலின் புதிய பதிப்பில் பதிப்பாசிரியர் சேர்த்த முன்னுரையும் குறிப்பும் அவருக்கே உரியவை என்பதை மறக்கக் கூடாது.

திரைப்பாடலைப் பின்னணியில் சேர்க்க வேண்டாம். ஒரு பாடலில் பாடலாசிரியர், இசையமைப்பாளர், ஒலிப்பதிவு நிறுவனம் என்று பலருக்கு உரிமை இருக்கிறது. யூடியூபில் ஏற்றிய அன்றே அறிவிப்பு வந்துவிடும்.

ஆய்வுக்காக எடுத்த நேர்காணல் ஒலிப்பதிவுகளைப் பயன்படுத்தலாமா?

நேர்காணல் கொடுத்தவர்களிடம் மீண்டும் போய் அனுமதி பெற்ற பிறகே பயன்படுத்தலாம். ஆய்வேட்டில் பெயர் மாற்றி எழுதப்படும் என்று நம்பிப் பேசியவர், தம் குரல் உறவினர்களின் கைப்பேசியில் ஒலிக்கும் என்று எண்ணிப் பேசவில்லை. குரலுக்குப் புனைபெயர் சூட்ட முடியாது; ஊரில் உள்ளவர்கள் இரண்டே வாக்கியத்தில் ஆளைக் கண்டுபிடித்துவிடுவார்கள். பண்ணைக் கூலி, சாதிக் கலவரம், போர், இடப்பெயர்வு பற்றிப் பேசியவர்களின் பதிவுகளில் இது பாதுகாப்புச் சிக்கலும்கூட. எந்தப் பகுதி வெளியாகப் போகிறது என்பதை அவருக்குப் போட்டுக் காட்டி, வேண்டாம் என்றால் நீக்கிவிட வேண்டும். அவர் இறந்திருந்தால் குடும்பத்தாரிடம் கேட்பது முறை. கேட்க முடியாத நிலையில், சொன்னதன் சாரத்தை அடையாளம் தெரியாதபடி உங்கள் குரலில் சொல்லிவிடலாம்.

இன்னும் வெளியாகாத ஆய்வைப் பற்றிப் பேசலாமா?

முடிவை வெளியிடாமல் வைத்துக்கொண்டு, அதற்கு வந்த வழியைப் பேசலாம். காப்பகத்தில் ஆவணத்தைத் தேடியது, படியெடுத்தது, எழுத்தைப் படித்த முறை ஆகியவற்றைச் சொல்வதால் யாருக்கும் இழப்பில்லை. புதிய வாசிப்பையோ புதிய காலக்கணிப்பையோ வெளியிடும் முன் நெறியாளரிடமும் ஆய்விதழிடமும் கேட்டுக்கொள்ள வேண்டும். அகழாய்வில் பங்கேற்பவர்கள், துறையின் அறிக்கை வெளிவரும்வரை காத்திருப்பதைத் தவிர வேறு வழியில்லை.

கேட்பவர்கள் உறுதியாக நம்பும் ஒன்றை மறுக்க வேண்டி வந்தால்?

அந்த நம்பிக்கைக்கும் ஒரு வரலாறு இருக்கும், அதைச் சொல்லுங்கள். குமரிக்கண்டம் என்று எடுத்துக்கொண்டால், “அப்படி ஒன்று இல்லவே இல்லை” என்று தொடங்கும் எபிசோடு சண்டையில் முடியும். மடகாஸ்கரிலும் இந்தியாவிலும் லெமூர் இன விலங்குகளின் தடயங்கள் எப்படி வந்தன என்பதை விளக்க, பிலிப் ஸ்கிளேட்டர் என்ற விலங்கியலாளர் 1864இல் மூழ்கிய நிலமொன்றைக் கற்பித்து லெமூரியா என்று பெயரிட்டார். கடல்கோளில் அழிந்த சங்கங்களைப் பற்றி இறையனார் களவியல் உரை சொல்வதோடு தமிழறிஞர்கள் பின்னாளில் அதை இணைத்தார்கள். கண்டத் தட்டுகளின் நகர்வு அறியப்பட்ட பிறகு நிலவியலுக்கு அந்தக் கற்பிதம் தேவைப்படவில்லை. இந்த வரிசையில் சொன்னால் யாரும் முட்டாளாக்கப்படுவதில்லை, அந்தக் காலத்து அறிஞர்களுக்கு அது ஏன் தேவைப்பட்டது என்பதும் புரிகிறது.

சாதி வரலாறு இதைவிடக் கடினம். ஒரு செப்பேட்டில் வரும் குலப்பெயரை இன்றைய சாதிச் சங்கங்கள் தம் பெயராக உரிமை கொண்டாடும்போது, ஆய்வாளர் எந்தப் பக்கம் பேசினாலும் வசை வரும். செப்பேட்டில் உள்ள சொற்களைச் சொல்லி, அந்தப் பெயர் வேறு எங்கெல்லாம் எந்தப் பொருளில் வருகிறது என்று காட்டி, அதற்கு மேல் சான்று இல்லை என்றால் அங்கேயே நிறுத்திவிட வேண்டும்.

வெளியான எபிசோடில் பிழை இருப்பது தெரிந்தால்?

பிழையான பகுதியைச் சத்தமில்லாமல் வெட்டிவிட்டுப் புதிய கோப்பை ஏற்றுவது நேர்மையன்று, ஏற்கெனவே தரவிறக்கியவர்களிடம் பழையதே இருக்கும். குறிப்புப் பகுதியில் தேதியிட்டுத் திருத்தத்தை எழுதி, அடுத்த எபிசோடின் தொடக்கத்தில் வாயாலும் சொல்ல வேண்டும்.

பல்கலைக்கழகம் இதை மதிக்குமா?

பிரிட்டனில் பல்கலைக்கழக ஆய்வுகளை மதிப்பிடும் முறையில், சமூகத்தில் ஆய்வு ஏற்படுத்திய தாக்கத்துக்கு 2014இல் 20 விழுக்காடும் 2021இல் 25 விழுக்காடும் ஒதுக்கப்பட்டதால், அங்கே பாட்காஸ்டுகளுக்கு நிறுவன ஆதரவு கிடைக்க ஒரு காரணம் உண்டு. இங்கே பதவி உயர்வுக் கணக்கில் ஆய்விதழ்க் கட்டுரைக்கு இருக்கும் இடம் இதற்கு இல்லை. அதை எதிர்பார்த்து இறங்குபவர்கள் ஏமாறுவார்கள்.

எங்கே வெளியிடுவது? பதிவுகள் நிலைத்திருக்க என்ன செய்வது?

ஆர்எஸ்எஸ் ஓடை (புதிய எபிசோடுகளைத் தளங்களுக்குத் தானாகக் கொண்டுசேர்க்கும் இணைய இணைப்பு) வழியாக ஸ்பாட்டிஃபை, ஆப்பிள் பாட்காஸ்ட்ஸ் ஆகியவற்றுக்குக் கொடுத்துவிட்டு, ஓர் அட்டைப் படத்தோடு யூடியூபிலும் ஏற்ற வேண்டும். தமிழில் கேட்பவர்கள் பெரும்பாலும் அங்கேதான் இருக்கிறார்கள். இந்தத் தளங்கள் எதையும் காப்பகமாக நம்பக் கூடாது. கூகுள் பாட்காஸ்ட்ஸ் 2024இல் மூடப்பட்டது. ஒவ்வொரு எபிசோடின் சுருக்கப்படாத மூலக்கோப்பையும் வன்வட்டில் இரண்டு இடங்களில் வைத்துக்கொண்டு, ஒரு பிரதியை இன்டர்நெட் ஆர்க்கைவில் ஏற்றலாம். அதனுடன் முழு எழுத்துப்படியையும், பயன்படுத்திய கல்வெட்டு, ஆவண எண்களையும் சேர்த்துவைக்க வேண்டும். எழுத்துப்படி இருந்தால்தான் காது கேளாதவர்களுக்கும் தேடுபொறிக்கும், நாளை உங்கள் எபிசோடை மேற்கோள் காட்ட விரும்பும் மாணவருக்கும் அது பயன்படும்.